ஒரு தாளின் கனம்: கையால் சுற்றும் டை கட்டிங் மிஷினைச் சுத்தம் செய்வதும் பராமரிப்பதும்

டை எனப்படும் கூர்விளிம்புள்ள அச்சை அட்டையில் அழுத்தி, அந்த அச்சின் உருவத்திலேயே அட்டையை வெட்டுவது டை கட்டிங் மிஷின். கைப்பிடியைச் சுற்றி இயக்கும் அந்த மிஷினைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதற்கு எப்போது எண்ணெய் விட வேண்டும்?" என்பதுதான். தையல் மிஷின் புழங்கும் வீடுகளில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் தையல் மிஷினுக்கு எண்ணெய் எந்த அளவு முக்கியமோ, அந்த அளவு இந்த மிஷினுக்கு முக்கியமானது அதன் இரண்டு உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். வாழ்த்து அட்டை, அழைப்பிதழ், பரிசுப் பொட்டலத்தில் தொங்கும் சீட்டு என்று எதை வெட்டினாலும், அந்த இடைவெளி சீராக இருந்தால் வெட்டு சீராக விழும். அது ஓர் இடத்தில் ஒரு தாளின் கனம் மாறினாலும் வெட்டு மாறிவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டையின் ஒரு மூலை மட்டும் சரியாக வெட்டவில்லை என்றால், பழகியவர்கள் அந்த மூலைக்கு நேராக, டையையும் அட்டையையும் மூடும் பிளாஸ்டிக் பிளேட்டின் வெளிப்புறத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் துண்டை வைத்து மறுபடி ஓட்டுவார்கள். 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அந்த 0.1 மில்லிமீட்டரே வெட்டாத மூலையை வெட்ட வைத்துவிடுகிறது. அப்படியானால், முந்தைய வேலையில் உதிர்ந்த ஓர் அட்டைத் துணுக்கு, நமக்குத் தெரியாமல் பிளேட்டின் அடியில் ஒட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் மட்டும் அழுத்தம் கூடும், டையின் விளிம்பு பிளேட்டுக்குள் ஆழமாக இறங்கும், மெல்லிய டை லேசாக வளையும், அதைச் சுற்றியுள்ள பகுதியோ சரியாக வெட்டாமல் நிற்கும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாமே அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதற்கானவைதான்.

மிஷினின் அமைப்பு

நான் இங்கே மனதில் வைத்து எழுதுவது, அமெரிக்காவின் எலிசன் நிறுவனம் சிசிக்ஸ் என்ற பெயரில் விற்கும் பிக் ஷாட் போன்ற மேசை மிஷின்களை. பிக் ஷாட்டின் வாய் 6 அங்குல அகலம் கொண்டது. அதன் பெரிய வகையான பிக் ஷாட் பிளஸ்ஸில் வாய் 9 அங்குலம், அதில் ஏ4 அட்டை அப்படியே நுழையும். வேறு நிறுவனங்களின் மிஷின்களும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. மேலும் கீழுமாக இரண்டு உருளைகள், அவற்றைத் திருப்பும் பல்சக்கரங்கள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அடித்தளப் பலகை, கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் பிளேட்டுகள், அவற்றுக்கு நடுவே டையும் அட்டையும் சேர்ந்ததை நாம் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கை உருளைகள் கவ்வி இழுத்து மறுபக்கம் தள்ளும்போது, டையின் கூர்விளிம்பு அட்டையை ஊடுருவிப் பிளேட்டில் முட்டி நிற்கிறது.

டைகளில் இரண்டு இனங்கள் உண்டு, இரண்டின் பராமரிப்பும் வேறு. ஒன்று மெல்லிய உலோக டை. எஃகுத் தகட்டை அமிலத்தால் அரித்து, ஓரத்தில் மட்டும் நூல் போன்ற கூர்விளிம்பு மேலெழும்படி செய்திருப்பார்கள். மற்றது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் கனமுள்ள தடித்த டை. எஃகுப் பட்டையை உருவத்துக்கேற்ப வளைத்து ஒரு பலகையில் பதித்து, சுற்றிலும் ரப்பர் நுரையை ஒட்டியிருப்பார்கள். அச்சகங்களில் அட்டைப்பெட்டி வெட்டப் பயன்படும் டையை யாராவது பார்த்திருந்தால், இது அதன் குட்டி வடிவம் என்பது பார்த்தவுடன் புரியும்.

தேவையானவை

தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பஞ்சு நூல் உதிராத இரண்டு மெல்லிய துணிகள் (பழைய பருத்திச் சட்டையோ மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியோ போதும்), ஓவியம் தீட்டும் அகலமான காய்ந்த தூரிகை ஒன்று, பழைய பல் துலக்கும் பிரஷ், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பில் சில துளிகள், பல் குத்தும் குச்சி, முனை மெல்லிய இடுக்கி, ஒட்டு நாடா. டையின் நுண்ணிய துளைகளில் சிக்கிய துணுக்குகளை எடுப்பதற்கென்றே விற்கும் உருளைக் கம்பி பிரஷும், அதற்கு அடியில் வைக்கும் நுரைப் பலகையும் இருந்தால் நேரம் மிச்சமாகும். நுரைப் பலகை இல்லையென்றால் பழைய மவுஸ் பேடைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன், பெயின்ட் தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் ஆகியவை பிளேட்டுகளின் பக்கமே வரக்கூடாது. பெரும்பாலான பிளேட்டுகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை; இந்தத் திரவங்கள் பட்டால் அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் உண்டாகி, பின்னொரு நாள் அழுத்தம் ஏறும்போது பிளேட் சட்டென்று உடையும். பளபளவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் செய்கிற இந்தத் துடைப்புதான் நல்ல பிளேட்டுகளைப் பாழாக்குகிறது.

ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன்

இதற்கு இரண்டு நிமிடம் போதும். முதலில் அடுக்கு முழுவதையும் வெளியே எடுத்து, ஒவ்வொரு பிளேட்டையும் தனியாகப் பிரியுங்கள். பிளேட்டுகளில் நிலைமின்சாரம் ஏறுவதால் பொடித் துணுக்குகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழாமல் நிற்கும். ஆகவே உதறுவதோடு விடாமல் லேசாக ஈரமான துணியால் இருபுறமும் ஒரு முறை வழித்துவிடுங்கள். அடித்தளப் பலகையையும் அப்படியே துடையுங்கள். மிஷினின் வாயைக் காய்ந்த தூரிகையால் உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளுங்கள். வாயால் ஊதினால் தூசி பல்சக்கரப் பக்கம் போய்ச் சேரும் என்பதால் அதைத் தவிர்க்கவும். கடைசியாக டையை எடுத்து, தன் உறையில் வையுங்கள்.

இதில் எதையாவது விட்டுவிடுவோம் என்றால், அது பெரும்பாலும் பிளேட்டின் அடிப்பக்கமாகத்தான் இருக்கும். நான் பழகத் தொடங்கிய முதல் வருடத்தில், உறவினர் வீட்டு வளைகாப்புக்காக 60 அழைப்பிதழ்களுக்குப் பூவேலைப்பாடு பதித்துக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியபின் கைப்பிடி இறுகியது. அட்டை சற்றுத் தடிமன், அதனால்தான் என்று நினைத்து எழுந்து நின்று, உடல் எடையைக் கொடுத்து அழுத்தினேன். "படார்" என்று ஒரு சத்தம். மேல் பிளேட் குறுக்கே பிளந்திருந்தது, எம்பாசிங் ஃபோல்டரின் (அட்டையை உள்ளே வைத்து மேடுபள்ளமாக வடிவம் பதிக்கும் பிளாஸ்டிக் மடிப்புறை) மடிப்பு கிழிந்திருந்தது. அடுக்கைப் பிரித்துப் பார்த்தபோது, முன்பு வெட்டிய இலை வடிவ மெல்லிய டை ஒன்று, அதைப் பிடித்து வைக்கப் பயன்படுத்திய ஒட்டு நாடாவோடு சேர்ந்து கீழ்ப் பிளேட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்து பார்த்தால் பிளேட்டின் பழைய வெட்டுத் தடங்களோடு கலந்து அது தெரியவே இல்லை. அன்றிலிருந்து அடுக்கு வைப்பதற்கு முன் ஒவ்வொரு பிளேட்டையும் புரட்டி, உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்க்காமல் நான் உருளைக்குள் விடுவதில்லை.

உருளைகளைத் துடைத்தல்

மாதம் ஒருமுறை, அல்லது மினுக்குத் தாள் வெட்டிய அன்றே, உருளைகளைத் துடைக்க வேண்டும். மினுக்குத் தாளிலிருந்து உதிரும் துகள்கள் சாதாரணத் தாள் துணுக்கைப் போல மென்மையானவை அல்ல. அவை உருளையில் ஒட்டினால் அடுத்தடுத்த வேலைகளில் பிளேட்டில் குத்தித் தடம் பதிக்கும்.

மிஷினைச் சமமான மேசையில் வைத்து, அடுக்கு எதுவும் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். துணியை நனைத்து, சொட்டு நீர் வராத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, கண்ணுக்குத் தெரியும் உருளைப் பகுதியை இடமிருந்து வலமாக ஒரே வீச்சில் துடையுங்கள். பிறகு கையையும் துணியையும் முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு, கைப்பிடியைக் கால் சுற்றுச் சுற்றி, மறுபடி துடையுங்கள். உருளை ஒரு முழுச் சுற்று வரும்வரை இப்படியே. ஒரு கையால் துணியை உருளையில் வைத்துக்கொண்டு மறு கையால் சுற்றினால் விரைவில் முடியுமே என்று தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. இரண்டு உருளைகளுக்கு நடுவே துணி இழுக்கப்பட்டால் விரலும் அதனோடு போகும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொளதொளத்த வளையல் எதுவும் வாய்ப்பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் ஆசையாகச் சுற்ற வந்தால், அடுக்கை நீங்கள் வைத்துவிட்டு, கைப்பிடியை மட்டும் அவர்களிடம் கொடுங்கள்.

உருளையில் பசை ஒட்டியிருந்தால், ஒட்டு நாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி விரலில் சுற்றிக்கொண்டு, அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கத்தி, பிளேடு, ஸ்கேல் விளிம்பு இவற்றால் சுரண்டினால் உருளையில் விழும் கீறலை மறுபடி சரிசெய்ய வழியில்லை. துடைத்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றி, மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் விட்டு, அதன்பின் மூடி வையுங்கள்.

பிளேட்டுகள்

பராமரிப்புக்கு நீங்கள் ஒதுக்கும் நேரத்தில் பாதியைப் பிளேட்டுகளுக்குக் கொடுங்கள் என்பது என் கருத்து. அவை தேய்ந்துபோவதற்காகவே செய்யப்பட்டவை, மிஷினின் நிரந்தர உறுப்புகள் அல்ல. முதல் வெட்டிலேயே அதில் கோடு விழும், அதைக் கண்டு கலங்க வேண்டாம்; அந்தக் கோடு விழுந்தால்தான் அட்டை முழுவதும் வெட்டப்பட்டது என்று பொருள். ஓட்டும்போது "டக் டக்", "கிறீச்" என்று பிளேட்டுகளிலிருந்து வரும் சத்தமும் அழுத்தத்தின் சத்தமே தவிர, உடைவின் சத்தம் அல்ல.

கவனிக்க வேண்டியது வளைவு. டையின் விளிம்பு ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப இறங்கும்போது அந்தப் பக்கம் விரிந்து, பிளேட் வாழைமட்டை போல மெல்ல வளையும். வளைந்த பிளேட் உருளைக்குள் சமமாகப் போகாது. முன்னோரத்தில் அழுத்தம் கூடி, நடுவில் குறையும். இதைத் தடுக்க எளிய வழி, வெட்டும் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. புதுப் பிளேட்டை வாங்கியவுடன் அதன் ஒரு மூலையில், அழியாத மார்க்கரால் ஒரு பக்கத்தில் "1" என்றும் மறுபக்கத்தில் "2" என்றும் எழுதிவிடுங்கள். சில முறை "1" பக்கத்தில் வெட்டினால், அடுத்த சில முறை "2" பக்கத்தில் வெட்டுங்கள். பிளேட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடுவதும் நல்லது. டையை எப்போதும் நட்டநடுவில் வைக்காமல், ஒருநாள் இடம், ஒருநாள் வலம் என்று இடம் மாற்றினால் ஒரே இடத்தில் பள்ளம் விழாது.

ஏற்கெனவே சற்று வளைந்துவிட்ட பிளேட்டை, வளைவின் குழிந்த பக்கம் டையின் கூர்விளிம்பை நோக்கி இருக்கும்படி புரட்டி, அந்தப் பக்கத்தில் நாலைந்து முறை வெட்டினாலே பெருமளவு நிமிர்ந்துவிடும். அடுப்பில் காட்டுவது, அயர்ன் பாக்ஸ் வைப்பது, வெயிலில் காயப்போட்டு நிமிர்த்துவது போன்ற யோசனைகளைப் பலர் சொல்வார்கள். சூட்டில் நிமிரும் பிளேட் ஓரிடத்தில் நிமிர்ந்து இன்னோர் இடத்தில் நெளியும். நெளிந்ததை வைத்து வெட்டினால் டை கெடும். பிளேட்டின் விலையையும் டையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அந்தச் சோதனை தேவையில்லை என்பது தெரியும்.

கழுவும் முறை சுலபமானது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு துளி சோப்பு விட்டு, மென்மையான பஞ்சால் தடவிக் கழுவுங்கள். கம்பி நார் கூடாது. வெட்டுக் கோடுகளுக்குள் சிக்கிய பொடியைப் பழைய பல் துலக்கும் பிரஷால், கோடு போகும் திசையிலேயே வழித்து எடுங்கள். கோட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் சிலும்பு எழுந்து நகத்தில் இடறினால், ஒரு பழைய ஸ்கேலின் தட்டையான பக்கத்தால் அதை அமுக்கித் தேய்த்துவிடலாம். பிறகு துணியால் துடைத்து, முழுவதும் காய்ந்தபின் அடுக்குங்கள். ஈரப் பிளேட்டில் வைத்த அட்டை உடனே ஈரம் உறிஞ்சி, வெட்டும்போது இழை இழையாகக் கிழியும்.

எம்பாசிங் செய்வதற்குத் தனியாக ஒரு ஜோடிப் பிளேட் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுத் தடம் விழுந்த பிளேட்டை எம்பாசிங்குக்குப் பயன்படுத்தினால், அழகான பூவேலைப்பாட்டின் குறுக்கே பழைய டையின் கோடு நிழலாகப் பதிந்துவிடும். வெளிர்நிற முத்துப்பூச்சுத் தாளில் அந்தக் கோடு தூரத்திலிருந்தே தெரியும், பதிந்தபின் அழிக்கவும் முடியாது.

எப்போது மாற்றுவது? ஓரத்தில் சிறு விரிசல் தெரிந்தால் அன்றே. மற்றபடி, சமமான மேசையில் வைத்துப் பாருங்கள். புரட்டி வெட்டியும் நிமிராமல் ஓரமோ நடுவோ தெளிவாகத் தூக்கி நின்றால், அல்லது கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில்லுகளாகப் பெயரத் தொடங்கினால் மாற்றலாம். நன்றாக இருக்கும் பிளேட்டை அழுக்காகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் தூக்கி எறிய வேண்டாம்.

மெல்லிய டைகள்

மெல்லிய டையில் சிக்கல் தருவது, ஜன்னல் வேலைப்பாடு போல நுண்ணிய துளைகள் உள்ள வடிவங்கள்தான். வெட்டிய அட்டையை டையிலிருந்து பிரிக்காமல், அட்டை கீழும் டையின் முதுகு மேலுமாக நுரைப் பலகையில் வைத்து, கம்பி பிரஷை முன்னும் பின்னும் உருட்டுங்கள். கம்பிகள் துளை வழியே இறங்கி, துணுக்குகளை நுரைக்குள் தள்ளிவிடும். கம்பி பிரஷ் இல்லையென்றால் பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையாகத் தள்ளலாம். தையல் ஊசியும் பயன்படும். ஆனால் முதுகுப் பக்கத்திலிருந்து மட்டுமே தள்ள வேண்டும். வெட்டும் பக்கத்திலிருந்து ஊசியை விட்டால் அது கூர்விளிம்பில் உரசி மழுங்கச் செய்யும்.

அட்டை டையைவிட்டு வரவே மறுத்தால், அடுத்த முறை டைக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு மெழுகுத் தாளை வைத்து ஓட்டுங்கள். சமையலறையில் இருக்கும் பட்டர் பேப்பரும் பயன்படும். அட்டை சுலபமாகக் கழன்று வரும், துணுக்குகளும் குறைவாகச் சிக்கும்.

இருபக்கப் பசைத்தாளை வெட்டிய டையில் பசை படியும். அதில் தூசி ஒட்டி, நாளடைவில் கறுத்த விளிம்பாக நிற்கும். டைக்கு மட்டும், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைப் பசையின் மேல் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பசை உருண்டு திரண்டு வந்துவிடும். பிறகு சோப்பு நீரில் எண்ணெய் முழுவதும் போகக் கழுவி, உடனே துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் காயவையுங்கள். காய்ந்தபின் வேண்டாத தாளில் இரண்டு மூன்று முறை வெட்டிப் பாருங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் அந்தத் தாளில் தெரிந்துவிடும், நல்ல அட்டை கறைபடாது.

"உடனே" என்று சொல்லக் காரணம் துரு. கடலோர ஊர்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், ஈரத்தோடு வைத்த டையில் ஓரிரு நாளிலேயே செம்புள்ளி எழும். கைவியர்வையின் உப்பும் அதற்குத் துணை. டை காந்தத்தில் ஒட்டுகிறது என்றால் அது துருப்பிடிக்கக் கூடிய எஃகு என்றே எண்ணிப் பாதுகாப்பது நல்லது. துரு முதுகுப் பக்கத்தில் மட்டும் இருந்தால், மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரால் தேய்த்து, துணியில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து, அந்த எண்ணெயையும் காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். கூர்விளிம்பில் ரப்பரோ உப்புத்தாளோ படக்கூடாது.

தடித்த டைகள், எம்பாசிங் ஃபோல்டர்கள்

தடித்த டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பலகை ஊறினால் எஃகுப் பட்டை தளரும், நுரையின் பசை விடும். காய்ந்த தூரிகையால் தூசி தட்டி, நுரையில் சிக்கிய துணி இழைகளை இடுக்கியால் எடுத்தால் போதும். பட்டைகளின் நடுவே உள்ள நுரைதான் வெட்டிய துண்டை வெளியே தள்ளுகிறது; ஆகவே அதை விரலால் அமுக்கிச் சோதிப்பதோ குச்சியால் குத்துவதோ வேண்டாம். கம்பளித் துணி, தக்கை, நுரைத்தாள் போன்றவற்றை வெட்டுவதற்கு இந்த டைகளே ஏற்றவை. மெல்லிய டையை அந்த வேலைக்குப் பயன்படுத்தி வளைத்துவிடாதீர்கள்.

ஃபோல்டர்களில் தங்கும் மையைச் சோப்பு நீரில் கழுவலாம். அட்டை பிளக்காமலிருக்க அதில் நீர் தெளித்து எம்பாசிங் செய்பவர்கள், வேலை முடிந்ததும் ஃபோல்டரைத் திறந்து வைத்துக் காயவிட வேண்டும். மடிப்பை ஒருபோதும் பின்புறமாக வளைக்காதீர்கள்.

கைப்பிடி இறுகினால்

அடுக்கு பாதியில் நின்று கைப்பிடி இறுகினால், முதலில் கையை எடுத்துவிடுங்கள். பிறகு கைப்பிடியை எதிர்த்திசையில் நிதானமாகச் சுற்றி அடுக்கை வந்த வழியே வெளியே எடுங்கள். அசைய மறுத்தால், முன்னும் பின்னுமாக மிகச் சிறிய அசைவுகளாகக் கொடுத்துத் தளர்த்துங்கள். கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்குவதும், வாய்க்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவதும் பல்சக்கரத்தின் பல்லை உடைக்கும் வேலைகள். அடுக்கு வெளியே வந்தபின், காரணத்தைத் தேடுங்கள்: தாள் அதிகமாகச் செருகியிருக்கலாம், எம்பாசிங்கின் அடுக்கு முறையை வெட்டுவதற்கு வைத்திருக்கலாம், இரண்டு டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கலாம், அல்லது என் அனுபவத்தைப் போல ஏதோ ஒன்று அடியில் ஒட்டியிருக்கலாம். எந்த டைக்கு எந்த அடுக்கு என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். உங்கள் மிஷினின் கையேட்டில் உள்ள அடுக்குப் படத்தைச் செல்பேசியில் படமெடுத்து அச்சிட்டு, மிஷின் இருக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். நீளமான நேர்க்கோட்டு ஓரமுள்ள சதுர டைகளைச் சற்றுச் சாய்த்து வைத்தால், முழு ஓரமும் ஒரே நொடியில் உருளையில் முட்டாது. கைப்பிடி லேசாகப் போகும்.

சத்தத்தைக் கேட்டுக் கோளாறை அறிதல்

இறுக்கம் இல்லாமல் சத்தம் மட்டும் புதிதாக வந்தால், அது எங்கே திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிலையில் "கடக்" என்று கேட்டால், கோளாறு கைப்பிடியிலோ பல்சக்கரத்திலோ இருக்கிறது. கைப்பிடி எங்கே இருந்தாலும் பிளேட்டின் குறிப்பிட்ட ஓர் இடம் உருளைக்கு வரும்போது மட்டும் கேட்டால், அது பிளேட்டின் கோளாறு. வேறு பிளேட் போட்டு ஓட்டினால் இது உறுதியாகிவிடும்.

உருளைகள் சமமாக அழுத்துகின்றனவா என்று அறிய, சிறிய வட்ட டை ஒன்றை எடுத்து, ஒரே அட்டையிலிருந்து வெட்டிய மூன்று துண்டுகளில், ஒருமுறை இடது ஓரத்திலும், ஒருமுறை நடுவிலும், ஒருமுறை வலது ஓரத்திலும் வைத்து வெட்டுங்கள். மூன்றும் ஒன்றுபோல் கழன்று வந்தால் மிஷின் நலமாக இருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் வெட்டவில்லை என்றால், பிளேட்டுகளை இடவலமாகத் திருப்பிப் போட்டு மறுபடி சோதியுங்கள். வெட்டாத ஓரமும் பிளேட்டோடு சேர்ந்து இடம் மாறினால், பிளேட்தான் காரணம். அதே ஓரத்திலேயே நின்றால், மிஷினைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டிய நேரம். உருளையின் இடைவெளியை நாமே திருகி மாற்ற முனைவதைவிட, விற்றவரிடம் உத்தரவாதக் காலம் இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

எண்ணெயும் திருகாணியும்

இனி, முதலில் சொன்ன எண்ணெய்க் கேள்வி. உங்கள் மிஷினின் கையேடு இந்த இடத்தில் இந்த எண்ணெய் என்று சொல்லாத வரை, எதுவும் விட வேண்டாம். உருளையில் எண்ணெய் பட்டால் அடுக்கு வழுக்கும், அட்டை கறைபடும்; பல்சக்கரத்தில் விட்டால் தாள் தூசி எண்ணெயோடு குழைந்து பசையாகிப் பற்களுக்கு நடுவே தங்கும். கைப்பிடியை இணைக்கும் திருகாணியை மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பொருத்தமான ஸ்பேனராலோ ஆலன் சாவியாலோ, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பிளாஸ்டிக் உடலில் மரை தேய்ந்துபோனால் திருகாணி பிடிக்காது. அடிப்பக்க ரப்பர் கால்களை ஈரத்துணியால் துடைத்தால் மிஷின் மேசையில் நகராமல் நிற்கும். உறிஞ்சிப் பிடிக்கும் அடிப்பாகம் உள்ள சிறிய மிஷின்களில், அந்த ரப்பரும் மேசையும் தூசியில்லாமல் இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும்.

வைத்துப் பாதுகாத்தல்

வேலை இல்லாதபோது அடுக்கை உருளைகளுக்கு நடுவே விட்டுவைக்காதீர்கள். இரவு முழுவதும் ஒரே இடத்தில் அழுத்தம் நின்றால் பிளேட்டும் வளையும், உருளைக்கும் நல்லதல்ல. பிளேட்டுகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல், சமமான பரப்பில் படுக்கவைத்து, நடுவே ஒரு தாளைப் போட்டு அடுக்குங்கள். வெயில் விழும் ஜன்னலோரம், அடுப்பு மேடை, நிறுத்திவைத்த காரின் உள்புறம் இவையெல்லாம் பிளேட்டுக்கு ஆகாத இடங்கள். மிஷினை ஒரு பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

மெல்லிய டைகளைக் காந்தத் தாளில் ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் நிறுத்திவைத்து, மருந்துப் புட்டியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். நீல நிறமாகக் கிடைக்கும் ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரத்தால் நிறைந்துவிட்டது என்று அறிந்து மாற்றுங்கள். அட்டைகளையும் இதேபோல் மூடிவைப்பது நல்லது. மழைநாளில் திறந்துகிடந்த அட்டை தொட்டால் சில்லென்று இருக்கும். அதில் புதுப் பிளேட்டும் புது டையும்கூடச் சுத்தமாக வெட்டாது. அந்த அட்டையை இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவே ஒரு நாள், உலர்ந்த அறையில் வைத்து எடுத்து, மறுபடி வெட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் சரியாக விழவில்லை என்றால் மட்டும் மிஷினைச் சந்தேகப்படுங்கள்.